லாரி போன வழியே போன தொற்று

2020 மே 4 அன்று தமிழக சுகாதாரத் துறை வெளியிட்ட கொரோனா அறிக்கையில் விளங்காத கணக்கு ஒன்று இருந்தது. அன்று மாநிலத்தில் புதிதாகத் தொற்று உறுதியானவர்கள் 527 பேர். சென்னையில் 266, அதில் வியக்க ஒன்றுமில்லை. அடுத்த இடம் கடலூருக்கு, 122. அதற்கடுத்து விழுப்புரம், 49. சென்னையை ஒட்டியே கிடக்கிற திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மூன்றையும் கூட்டினாலும் அன்றைய கடலூர் எண்ணிக்கையைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து, மே 6 அன்று, மாநில எண்ணிக்கை 771 ஆனது. அதில் அரியலூர் மட்டும் 188. சிமென்ட் ஆலைகளையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் தவிர வேறெதற்காகவும் செய்தியில் அதிகம் அடிபடாத மாவட்டம் அது.

சென்னையிலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் போனால் முதலில் தாம்பரம் வரும். பிறகு செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம். திண்டிவனத்துக்கு 120 கிலோமீட்டருக்கு மேல், விழுப்புரத்துக்கு சுமார் 160. ஒரு நோய் பக்கத்து ஊருக்கு, அங்கிருந்து அடுத்த ஊருக்கு என்று படிப்படியாக நகரும் என்று நினைத்தால், அது மதுராந்தகத்தில் தங்கித்தான் திண்டிவனத்துக்கு வந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நடுவில் இருந்த ஊர்களைத் தாண்டிக் குதித்து, தலைநகரத்திலிருந்து தள்ளியிருந்த கிராமங்களில் இறங்கியது. பேருந்தும் ரயிலும் ஓடாத ஊரடங்குக் காலத்தில், மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ் கேட்ட நாட்களில் இது நடந்தது.

புதிருக்கு விடை கோயம்பேட்டில் இருந்தது. 1996-இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தை சுமார் 295 ஏக்கரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்டது. சென்னை சாப்பிடுகிற காய், கனி, பூ எல்லாம் அங்கே வந்துதான் பிரியும். மூட்டை இறக்குகிறவர்கள், தரம் பிரிப்பவர்கள், கடைப் பையன்கள், வண்டி தள்ளுகிறவர்கள் என்று அங்கே உழைக்கிற கூட்டத்தில் கணிசமானவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிராமத்தார். ஒருவர் முதலில் வருவார், தம்பியையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு வருவார், கொஞ்ச காலத்தில் ஒரு தெருவே ஒரு மண்டியில் வேலை பார்க்கும். இப்படி ஊரும் மண்டியும் பிணைந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோதும் காய்கறி அத்தியாவசியப் பொருள் என்பதால் சந்தை இயங்கியது. ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு வந்தது: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு. 25-ஆம் தேதி கடைகளில் கூட்டம் நெரிந்தது. அந்த நாட்களை ஒட்டி சந்தையில் தொற்று ஒவ்வொன்றாக வெளிப்படத் தொடங்கியது. மே 5 அன்று கோயம்பேடு மூடப்பட்டது. காய்கறிச் சந்தை பிறகு திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் போயின. சந்தை முழுதாக மூடப்படுவதற்கு முன்பிருந்தே, வேலை நின்றுபோன தொழிலாளர்களுக்குத் தங்க இடமில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரிகளிலும் கிடைத்த வண்டிகளிலும் ஏறி அவர்கள் ஊர் போனார்கள். வேறென்ன செய்திருக்க முடியும்? அவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்த அந்த மே மாதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. நகரம் வீட்டுக்குள் இருந்த ஐந்து வாரமும் அதன் சமையலறைக்குக் காய் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

இந்த இடத்தில் கிருமியின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தொற்றுநோய் பற்றிப் பேசும்போது ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருகிறார் என்று ஓர் எண் சொல்வார்கள். கொரோனாவுக்கு ஆரம்பக் காலத்தில் அது இரண்டு, மூன்று என்று இருந்தது. இந்தச் சராசரி நம்மை ஏமாற்றக்கூடியது. உண்மையில் தொற்றியவர்களில் பெரும்பாலோர் யாருக்குமே நோயைத் தருவதில்லை. மிகச் சிலர், ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மாட்டிக்கொண்டு, பத்து இருபது பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நடந்தது என்பது நமக்குப் பெருமை. ரமணன் லக்ஷ்மிநாராயணன் தலைமையில், இரு மாநிலங்களின் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து, 84,965 நோயாளிகளின் தொடர்பில் வந்த 5,75,071 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று காணப்படவில்லை.

நமது கிராம சுகாதாரச் செவிலியர்களும் சுகாதார ஆய்வாளர்களும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய பட்டியல்கள்தான் அந்த ஆய்வின் அடித்தளம். அவற்றிலிருந்து வந்த இன்னொரு முடிவு நம் கதைக்கு நேராகப் பொருந்துகிறது. நோயாளியோடு ஒரே வாகனத்தில் நெருக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். அப்படிப் பயணித்தவர்களாகப் பதிவானவர்கள் நூறுக்கும் குறைவுதான். ஆனாலும் அந்த விகிதம் மலைக்க வைக்கிறது. சாதாரணமான, குறைந்த ஆபத்துள்ள தொடர்புகளில் இது நூற்றுக்கு ஐந்துதான்.

கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தை இந்தக் கிருமிக்குத் தோதான இடம். நள்ளிரவில் தொடங்கி விடிகாலை வரை நெரிசல். இரைச்சலை மீறிக் கத்தித்தான் விலை சொல்ல வேண்டும். குரல் உயர உயர வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகளும் கூடுகின்றன என்பது 2019-லேயே அளந்து காட்டப்பட்ட உண்மை. மூட்டை தூக்குகிறவர் மூச்சு வாங்குவார். வேலை முடிந்ததும் அதே கடையின் பின்புறம் நான்கைந்து பேராகப் படுத்துத் தூங்குவார். அவர்களில் பலர் இளைஞர்கள் என்பதால் காய்ச்சல்கூடத் தெரியாமல் நடமாடியவர்கள் ஏராளம். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் கிருமியைப் பரப்பக்கூடும் என்பது இந்த நோயின் பெரிய சூது.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. மார்ச்சிலிருந்தே சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஒருவர் இருவராக விழுப்புரம் பக்கம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்போது கிளம்பாத தொற்று மே மாதம் மட்டும் ஏன் ஒரே வீச்சில் எழுந்தது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக ஒருவர் இரண்டரைப் பேருக்குத் தருகிறார், ஆனால் தொற்றில் பெரும்பகுதி பத்தில் ஒருவர் வழியாகத்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் ஊருக்குள் தொற்றுள்ள ஒருவர் வந்தால், யாரும் எதுவும் செய்யாமலே அந்தச் சங்கிலி அறுந்துபோவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 86. ஈர விறகில் ஒற்றைத் தீக்குச்சி கிழித்தது போல, பெரும்பாலும் அணைந்துவிடும். பத்துப் பேர் தனித்தனியாக வந்து இறங்கினால், எல்லாச் சங்கிலிகளும் அறுந்துபோகும் வாய்ப்பு 22 ஆகக் குறைகிறது. இருபது பேர் என்றால் வெறும் 5. அதாவது, ஒருவர் வந்தால் ஏழில் ஒரு பங்குதான் ஆபத்து. ஒரு லாரி நிறைய வந்தால் கிட்டத்தட்ட நிச்சயம். எண்ணிக்கை இருபது மடங்கு கூடியதால் ஆபத்தும் இருபது மடங்கு கூடும் என்பதல்ல இது. அதிர்ஷ்டத்தை நம்பியிருந்த நிலை மாறி, ஊர் தப்பிக்க வழியே இல்லாத நிலைக்குத் தள்ளப்படுகிறது.

தூரம் என்பதை வேறு விதமாக அளக்கலாம் என்று இயற்பியலாளர்கள் சொல்வது இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஜெர்மானியரான டிர்க் புரோக்மன் முதலில் டாலர் நோட்டுகளைப் பின்தொடர்ந்தார். அமெரிக்காவில் ஓர் இணையதளத்தில் மக்கள் தங்கள் கைக்கு வந்த நோட்டின் எண்ணைப் பதிவு செய்வார்கள். அதே நோட்டு இன்னோர் ஊரில் இன்னொருவர் கைக்குப் போனால் அவரும் பதிவார். 4,64,670 நோட்டுகள் போன வழியை வைத்து, மனிதர்கள் எப்படி நகர்கிறார்கள் என்று புரோக்மனும் அவரது நண்பர்களும் 2006-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பெரும்பாலான நகர்வுகள் குறுகியவை. நடுநடுவே நெடுந்தூரத் தாவல்கள். கிருமியும் மனிதர் கையோடு போவதுதானே?

2013-இல் அவரும் டிர்க் ஹெல்பிங்கும் அடுத்த அடியை வைத்தார்கள். ஓர் ஊரிலிருந்து கிளம்புகிற மொத்தப் பயணிகளில் எந்தப் பங்கு இன்னோர் ஊருக்குப் போகிறது என்று பார். பங்கு பெரிதானால் அந்த ஊர் கிட்டே, சிறிதானால் எட்டே என்று கொள். இதைச் செயல்தூரம் என்று சொல்லலாம். 2009-இல் மெக்சிகோவிலிருந்து கிளம்பிய பன்றிக் காய்ச்சல் எந்த நாட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதைக் கிலோமீட்டரில் வரைந்தால் புள்ளிகள் கலைந்து கிடந்தன. செயல்தூரத்தில் வரைந்தபோது அவை ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து நின்றன. உலக வரைபடத்தில் குழப்பமாகத் தெரிந்த நோய், அந்த மாற்று வரைபடத்தில் குளத்தில் எழும் வட்ட அலையாக ஒரே சீராக விரிந்தது.

அந்தக் கண்ணோடு ஜி.எஸ்.டி. சாலையைப் பாருங்கள். கோயம்பேட்டிலிருந்து பார்த்தால், சந்தைக்கு ஆள் அனுப்புகிற கடலூர்க் கிராமம் பக்கத்தில் இருக்கிறது. ஆள் அனுப்பாத காஞ்சிபுரம் கிராமம் தொலைவில் இருக்கிறது. திண்டிவனம் இன்னும் விசேஷமான இடம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் அங்கேதான் சாலை பிரிகிறது. சுற்றுவட்டாரத்திலும் மரக்காணம் பக்கமும் விளைகிற தர்பூசணி கோடையில் அங்கிருந்துதான் லாரி ஏறும். 2020-இல் அறுவடைக் காலமும் ஊரடங்கும் ஒன்றாக வந்து விவசாயிகள் தவித்தது தனிக் கதை. விழுப்புரம் சந்திப்பிலோ ஐந்து ரயில் பாதைகள் கூடுகின்றன: சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி. புதுச்சேரிப் பாதை போடப்பட்டது 1879-இல். 1918-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய விஷக் காய்ச்சல் ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டுதான் இந்தியாவின் உள்நாட்டுக்குப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போதே இது போன்ற சந்திப்பு நிலையங்கள் கிருமி வண்டி மாறுகிற இடங்களாக இருந்தன.

தட்டம்மையை வைத்து இங்கிலாந்தில் கண்டறிந்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு நகரத்தில் சுமார் 3 லட்சம் பேராவது இருந்தால்தான் தட்டம்மை அங்கே அணையாமல் நீடிக்கும் என்று மாரிஸ் பார்ட்லெட் 1957-இல் காட்டினார். சிறு ஊர்களில் அது வந்து, தாக்கி, தானே தீர்ந்துபோகும். மறுபடி வர வேண்டுமென்றால் பெருநகரத்திலிருந்துதான் வர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகரத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. திண்டிவனத்தில் சுமார் 73,000. இத்தகைய ஊர்களின் நோய் பெரும்பாலும் தலைநகரத்தில் தயாராகி வருகிற நோய். சாலையில் எதிர்த்திசையில் வருவது பெரும்பாலும் உழைப்பும் விளைச்சலும்தான்.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் மிக ஆபத்தானவை என்று அந்த ஆண்டு உலகம் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஜனவரி 23 அன்று வூகான் மூடப்படுவதற்கு முன்பே ஏறத்தாழ 50 லட்சம் பேர் வெளியேறிவிட்டதாக அந்நகர மேயரே சொன்னார். மார்ச் தொடக்கத்தில் வட இத்தாலியை அடைக்கப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்த இரவில் மிலான் ரயில் நிலையம் தெற்கே போகிறவர்களால் நிறைந்தது. இங்கே ஜூன் 15 அன்று, 19-ஆம் தேதியிலிருந்து சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அந்த நான்கு நாளும் ஜி.எஸ்.டி. சாலையில், மூட்டை முடிச்சோடு ஊர் திரும்புகிறவர்களின் வண்டிகள் சுங்கச்சாவடிகளில் தேங்கி நின்றன. ஏப்ரலில் கோயம்பேட்டில் நேர்ந்தது, இரண்டு மாதத்துக்குள் இன்னும் பெரிய அளவில் மறுபடியும் நேர்ந்தது.

விளைவை இரண்டு தேதிகள் காட்டும். ஜூன் 30 அன்று மாநிலத்தில் 3,943 பேருக்குத் தொற்று. அதில் சென்னை 2,393, ஐந்தில் மூன்று பங்கு. ஜூலை 27 அன்று 6,993. சென்னை 1,138, ஆறில் ஒரு பங்கு. தலைநகரத்தில் நோய் தணிகிறது என்று மூச்சுவிட்ட அதே வாரங்களில் மற்ற மாவட்டங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. தலைநகரத்தின் வரைகோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அது இடம்தான் மாறியிருந்தது.

பதிவான எண்கள்கூட முழுக் கதையைச் சொல்வதில்லை. 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க 26,000-க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்து, கொரோனா வந்துபோன தடயமான எதிர்ப்புப் புரதங்களைத் தேடினார்கள். நூற்றுக்கு 32 பேரிடம் அவை இருந்தன. கணக்கிட்டால், சோதனையில் உறுதியானவர்களைப் போல 36 மடங்கு பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மாவட்டங்களில் மிகக் குறைவு நீலகிரி, 11 சதவீதம். மிக அதிகம் எது தெரியுமா? சென்னை அல்ல. பெரம்பலூர், 51 சதவீதம். கோயம்பேட்டுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. அதற்கு மே மாத லாரிகள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நடுவில் ஆறு மாதம் ஓடியிருந்தது. ஆனால் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு சிறு மாவட்டத்தில் இரண்டு பேரில் ஒருவருக்கு நோய் வந்து போயிருந்தது என்பதை இரத்தம் சோதித்த பிறகுதான் அறிந்தோம்.

எல்லை என்கிற விஷயமும் விழுப்புரத்துக்கு உண்டு. புதுச்சேரிப் பிரதேசம் ஒரே நிலத்துண்டாக இல்லை. கோட்டக்குப்பம், வானூர், கண்டமங்கலம் பக்கமெல்லாம் தமிழகக் கிராமமும் புதுச்சேரிக் கிராமமும் மாறி மாறி வரும். தெருவின் இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் வேறு அரசு. பெண் கொடுத்து எடுப்பது, வேலைக்குப் போவது, உடம்பு முடியாவிட்டால் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடுவது எல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டித்தான். 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வரும் வரை இந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய மருத்துவம் என்றால் ஒன்று ஜிப்மர், இல்லையேல் சென்னை. ஊரடங்கில் எல்லைச் சாலைகளில் தடுப்பு விழுந்தபோது, நோயைத் தடுக்கப் போட்ட கோடு நோயாளியையும் தடுத்தது.

எல்லைப்புறம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கண்ட கொடிய உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலா. 2013 டிசம்பரில் கினியாவின் தலைநகரத்துக்கு வெகு தொலைவில், சியரா லியோனும் லைபீரியாவும் சந்திக்கிற எல்லைக் காட்டுப் பகுதியான கெக்கெடு வட்டாரத்தில் அது தொடங்கியது. என்ன நோய் என்று உறுதியாக 2014 மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் உறவு முறையும் சந்தையும் அதை மூன்று நாடுகளுக்குள் கொண்டுபோயிருந்தன. முடியும்போது 28,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 11,000-க்கும் மேற்பட்ட சாவு.

விழுப்புரம், அரியலூர்க் கதை அப்படி முடியவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை மாகாணம் 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்டது. நோயாளியைப் பார்க்கிற மருத்துவத் துறைக்கு அப்பால், நோய் பரவாமல் பார்க்கிற துறை இங்கே தனியாக இயங்கி வருகிறது. கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களை மே முதல் வாரத்தில் ஊர் ஊராகத் தேடிப் பட்டியலிட்டு, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தங்கவைத்து, அறிகுறி இல்லாதவர்களிடமும் மாதிரி எடுத்தவர்கள் அந்தத் துறையின் கடைநிலை ஊழியர்கள். அந்த 122-உம் 49-உம் 188-உம் ஒரு வகையில் நல்ல செய்திகள். தேடியதால் கிடைத்த எண்கள். அரியலூரில் அந்த எழுச்சி மே பிற்பகுதியிலேயே அடங்கியது. ஏற்கெனவே சொன்ன கணக்கில் தப்பவே வழியில்லை என்றிருந்த ஊர்களை, அந்தக் கணக்கு பலிப்பதற்கு முன்பே ஆட்கள் போய் மீட்டார்கள்.

அடுத்த தொற்று வராது என்று எந்த அறிவியலாளரும் சொல்ல மாட்டார். வரும்போது அரசு செய்ய வேண்டியவை என்று நான் உறுதியாக நினைப்பவை சில. மண்டித் தொழிலாளி சந்தை மூடும் நாளில் அங்கேயே தங்கவும் உண்ணவும் கூலியில் ஒரு பங்கு பெறவும் வழி செய்துவிட்டுத்தான் ஊரடங்கு அறிவிக்க வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் போன்ற சாலைச் சந்திப்புகளில் பரிசோதனையும் கழிவுநீர்க் கண்காணிப்பும் தலைநகரத்துக்குச் சமமாக, அதே நாளில் தொடங்க வேண்டும். விழுப்புரமும் புதுச்சேரியும் நோயாளிப் பட்டியலையும் படுக்கைகளையும் பகிர்ந்துகொள்ள நோய் வருவதற்கு முன்பே ஒப்பந்தம் வேண்டும்.

இந்தச் சாலையோரத்தில் வாழ்கிற வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சென்னையிலிருந்து உங்கள் தெருவுக்கு யாராவது காய்ச்சலோடு திரும்பினால், எங்கே வேலை பார்த்தார், எந்த வண்டியில், யார் யாரோடு வந்தார் என்பதை மறைக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அவரை ஒதுக்காதீர்கள், ஒதுக்கினால் அடுத்தவர் சொல்ல மாட்டார்.